பெயர் எழுதும் கை: பாட்டின் முத்திரையும் இசைத்தட்டின் சீட்டும்

1. கேள்வி

2024 டிசம்பர் 15 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் இளையராஜாவின் ‘திவ்ய பாசுரம்’ இசை நிகழ்ச்சி நடந்தது. சொல் ஆழ்வார்களுடையது. இசை இளையராஜாவுடையது. குரல் பாடகர்களுடையது. ஒலிப்பதிவு என்று வந்துவிட்டால் அதற்கென்று தனியாக ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு பாசுரம் இன்று நம் காதில் விழுவதற்குள் நான்கு பேருடைய உரிமையைக் கடந்து வருகிறது.

அதே ஆண்டு ஏப்ரலில், இளையராஜாவுக்கும் எக்கோ இசை நிறுவனத்துக்கும் இடையிலான பாடல் உரிமை மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் வாய்மொழியாக ஒரு கேள்வி எழுப்பினார்கள்: பாடலுக்குச் சொல்லும் வேண்டுமே, பாடலாசிரியரும் உரிமை கோரினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் சில வாரங்கள் அதுவே பேச்சாக இருந்தது. சொல் பெரிதா, மெட்டு பெரிதா என்று ஆளுக்கொரு பக்கம் நின்று வாதிட்டார்கள். அந்த வாதத்தில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. சொல்லுக்கும் மெட்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் நீதிமன்றம் அல்ல. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டு, ஒலிநாடாவின் அட்டை, இன்றைய யூடியூப் தலைப்பு ஆகியவையே அந்தத் தீர்ப்பைச் சொல்கின்றன. வழக்கு வருவதற்கு வெகு முன்பே அங்கே பெயர் எழுதப்பட்டுவிடுகிறது.

பாட்டின் உரிமை குறித்து நம்மிடையே இரண்டு புரிதல்கள் நிலவுகின்றன. ஒன்று, இசை நிறுவனங்கள் கலைஞரின் பணத்தைச் சுரண்டுகின்றன என்பது. இது பெருமளவு உண்மை. ஆனால் முழு உண்மையல்ல. இன்னொன்று, நம் மரபில் கலைஞர்கள் பெயரைப் பொருட்படுத்தவில்லை, பெயர் வேட்கை மேற்கிலிருந்து வந்தது என்பது. இது உண்மையே அல்ல. இந்தக் கட்டுரை இரண்டையும் விருதுநகர் மாவட்டத்தின் இரண்டு ஊர்களிலிருந்து பார்க்க முயல்கிறது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும், பாட்டுக்குப் பெயரிடுவதில் தமிழர்கள் கண்ட மூன்று வேறு வழிகளுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

2. பாட்டுக்குள் இருந்த முகவரி

திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தைப் பாடுகிறவர் யாராக இருந்தாலும், அதை இயற்றியவர் பெயரையும் சேர்த்தே பாடியாக வேண்டும். அந்தப் பாசுரத்தில் ஆண்டாள் தன் பெயரைச் சொல்கிறாள், பட்டர்பிரானின் (பெரியாழ்வாரின்) மகள் என்கிறாள், ஊரையும் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்கள் 14 திருமொழிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இறுதிப் பாசுரங்களிலும் பெரும்பாலும் இதே முறைதான். பெரியாழ்வாரும் பதிகந்தோறும் விட்டுசித்தன் என்ற தன் பெயரையும் வில்லிபுத்தூரையும் பதித்துவிட்டுத்தான் நகர்கிறார். பெயர், ஊர், பாட்டின் எண்ணிக்கை, பாடினால் கிடைக்கும் பயன் என்று எல்லாம் பாட்டின் உடம்பிலேயே இருக்கின்றன. கர்நாடக இசையின் ‘தியாகராஜ’, ‘குருகுஹ’ முத்திரைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஏற்பாடு இது.

இதன் நடைமுறைப் பயனை வைணவ குருபரம்பரைக் கதையே சொல்கிறது. நாதமுனிகள் குடந்தைப் பெருமான் மீதான பத்துப் பாசுரங்களைச் சிலர் பாடக் கேட்டார். அவற்றின் இறுதியில், இவை ஆயிரத்துள் பத்து என்றும் பாடியவர் குருகூர்ச் சடகோபன் என்றும் குறிப்பு இருந்தது. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டே அவர் குருகூராகிய ஆழ்வார்திருநகரிக்குப் போனார். தொலைந்த பாசுரத் தொகை திரும்பக் கிடைத்தது என்பது மரபு. வரலாறாக இதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது வேறு கேள்வி. மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில், பெயர்க்குறிப்புதான் பாட்டை மீட்டுத் தந்த திறவுகோல் என்பதையே நான் இங்கே முக்கியமாகக் கருதுகிறேன். பெயரைப் பொருட்படுத்தாத சமூகம் இப்படி ஒரு கதையைக் காத்து வைத்திருக்காது.

மரபு இன்னொன்றையும் செய்தது. பாசுரங்களுக்கு இசை அமைத்தவர்களாக நாதமுனிகளையும் அவர் மருமக்கள் மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவரையும் பெயர் சொல்லி நினைவில் வைத்தது. சொல்லாசிரியர் ஒருவர், மெட்டாசிரியர்கள் வேறு என்ற தெளிவு அங்கே உண்டு. அந்தப் பாடல்முறையின் தொடர்ச்சி என்று கருதப்படும் அரையர் சேவை ஸ்ரீரங்கத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றும் நடக்கிறது.

முத்திரை பெயரைக் காக்கும். ஐயத்திலிருந்து அதனால் காக்க முடியாது. ஆண்டாள் என்று ஒருத்தி இருந்தாளா, பெரியாழ்வாரே பெண் குரலில் பாடிய கற்பனையா என்று ராஜாஜி ஐயம் எழுப்பியதுண்டு. தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் தானே சொன்ன ஒருத்தியின் படைப்புரிமைகூட இருபதாம் நூற்றாண்டில் தகப்பன் கணக்கில் எழுதப்படும் நிலைக்கு வந்தது. பாடியவர் பெண் என்பதால் இந்த ஐயம் எளிதாக எழுந்தது என்றே நினைக்கிறேன். பெரியாழ்வாரின் கையொப்பத்தை யாரும் இப்படிச் சோதிக்கவில்லை.

முத்திரையின் எல்லை இன்னொரு இடத்திலும் தெரிகிறது. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கிகளில் நாம் கேட்டு வளர்ந்த திருப்பாவை, எம்.எல். வசந்தகுமாரியின் குரல். அந்த ராகங்களை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ஆண்டாள் பெயர் பாட்டிலேயே இருப்பதால் எல்லோருக்கும் தெரியும். பாடியவர் பெயர் குரலில் இருப்பதால் பலருக்குத் தெரியும். மெட்டுக்காரர் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. அரியக்குடி போன்ற பெருமகனுக்கே இந்த நிலை.

3. கையொப்பம் இல்லாத பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே இராஜபாளையம் பக்கம் வந்தால் இன்னொரு பாட்டுலகம். நடவுப்பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி. ஒப்பாரியில் பெயர்கள் நிறைய வரும். இறந்தவர் பெயர், அவர் பிறந்த வீடு, கொண்ட வீடு, சீர்வரிசை எல்லாம் வரும். பாடுகிறவள் பெயர் மட்டும் வராது. அங்கே அது தேவைப்படவுமில்லை. யார் வீட்டுத் திண்ணையில் யார் பாடினார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இந்தப் பாட்டு ஊரை விட்டுக் கிளம்பும்போதுதான் பெயர் பிரச்சினையாகிறது. இராஜபாளையம் அருகே சின்ன சுரைக்காய்ப்பட்டியில் பிறந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கணவர் நவநீதகிருஷ்ணனுடன் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியவர். மேடைகளுக்கும் வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் அவற்றைக் கொண்டுவந்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். தங்கள் தாயும் பாட்டியும் பாடியது மேடையில் பாடத் தகுந்த பாட்டு என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்குத் தந்ததில் அவர் பங்கு பெரிது.

ஒலிநாடா என்ற பண்டம் எல்லாப் பாடகர்களுக்கும் ஒரே வகை அட்டையைத்தான் வைத்திருந்தது. பாடியவர் பெயருக்கு அதில் இடம் உண்டு. நிறுவனத்தின் பெயருக்கு உண்டு. ‘யாரிடம் கேட்டது’ என்பதற்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை. இது தனி ஒருவரின் தவறன்று. அந்தப் பண்டத்தின் வழக்கமே அப்படி. வயலில் பாடிய கிழவியின் பாட்டு ‘பாரம்பரியம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது. அந்தச் சொல் கேட்க மரியாதையாகத் தோன்றும். உரிமைக் கணக்கில் அதற்குப் பொருள் ‘யாருடையதும் அல்ல’ என்பதுதான்.

அச்சு நூலில் இதற்கு மாற்று இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைப் புரட்டுங்கள். பாட்டுகளின் அடியில் ‘சேகரித்தவர்’, ‘உதவியவர்’, ‘இடம்’ என்று சிறு குறிப்புகள். இராஜபாளையத்தை அடுத்த சிவகிரி வட்டாரத்தில் கேட்ட பாடல்களும் அதில் உண்டு. பாட்டை யார் கட்டினார் என்று தெரியாத இடத்தில், யார் வாயிலிருந்து எந்த ஊரில் கிடைத்தது என்பதைப் பதிவு செய்வது எவ்வளவு எளிய நேர்மை. அந்த மூன்று சொற்களுக்கு ஒலிநாடா அட்டையில் இடமில்லாமல் போகவில்லை, கேட்பவர்தான் இல்லை.

4. சீட்டுக்கு மாறிய பெயர்

இசைத்தட்டு வந்தபோது நடந்தது ஓர் இடமாற்றம். பாட்டுக்குள் இருந்த பெயர் பாட்டுக்கு வெளியே, தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டுக்குப் போனது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் 78 சுற்றுத் தட்டில் பதிகம் முழுதும் அடங்காது. இறுதி அடி வரை போக நேரமில்லாத இடத்தில் முத்திரையும் அறுபடும். அறுபட்டதைச் சீட்டு ஈடுகட்டலாம். ஈடுகட்டுவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் விருப்பம்.

தமிழ் இசைத்தட்டின் வரலாற்றை ஆராய்ந்த ஸ்டீபன் ஹியூஸ், நாடக மேடையின் புகழே தட்டு வணிகத்தின் மூலதனமாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். விற்றது நடிகரின் குரல். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகளை மக்கள் எஸ்.ஜி. கிட்டப்பா பாட்டு, கே.பி. சுந்தராம்பாள் பாட்டு என்றே அறிந்தார்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வரை பாட்டு எழுதிய அவரைப் பற்றிப் பிற்காலத்தவர் விரிவாக அறிய, அவர் குடும்பத்தார் காத்து வெளியிட்ட நாட்குறிப்புகளே பெரிதும் துணை செய்தன. அவர் பாட்டை விற்றவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள் அந்த வேலையைச் செய்யவில்லை.

இந்த இடத்தில் பாரதி பாடல் விவகாரம் வருகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்த பொருள் இது. என் வாதத்துக்கு வேண்டிய அளவே இங்கே சொல்கிறேன். பாரதி மறைந்தபின் அவர் எழுத்துகளின் அச்சுரிமை ஒரு கையிலும், பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை இன்னொரு கையிலும் போய்ச் சேர்ந்தன. ஒலிப்பதிவு உரிமை ஒரு வணிகக் குடும்பத்திடமிருந்து ஏ.வி. மெய்யப்பனுக்கு வந்தது. 1947இல் அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றபோது மெய்யப்பனின் ஏவி.எம். நிறுவனம் உரிமை கோரியது. விடுதலை பெற்ற நாட்டில் பாரதியைப் பாட ஒரு நிறுவனத்தின் அனுமதி வேண்டுமா என்ற கொதிப்பு எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலானோர் இயக்கம் நடத்தினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெறுவதாக அறிவித்தது. மெய்யப்பன் தம் வசமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார்.

அறிவிப்பு வந்தபோது முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அதே 1949 ஏப்ரலில் அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் இராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. 1952 வரை அவர் ஆட்சி. தாம் வாழ்ந்த வீட்டையே பின்னாளில் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். இசைக் கச்சேரிகள் நடக்கும் அந்தக் கட்டடத்தைக் காணும்போதெல்லாம், தனியார் சொத்து ஊர்ச் சொத்தாக மாறிய காலம் ஒன்று இந்த ஊர்க்காரரின் ஆட்சியோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

பாரதி விவகாரத்தை நிறுவனச் சுரண்டலின் கதையாக மட்டும் படிப்பது வழக்கம். அதில் ஒரு கூறு விடுபட்டுவிடுகிறது. உரிமை கைமாறிக்கொண்டே இருந்த அந்த ஆண்டுகளில் பாரதியின் பெயர் ஒருநாளும் மறைக்கப்படவில்லை. மறைத்தால் தட்டு விற்காது. அவர் பெயர் நிலைத்தது, உடைமை போனது. அப்படியானால் பெயரும் உடைமையும் ஒன்றல்ல. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை இழக்க முடியும். இந்தப் பிரிவை மனத்தில் கொண்டால்தான் அடுத்து வருவது விளங்கும்.

5. குழுவுக்குள்

திரைப்படம் வேலையைப் பிரித்துப் பெயரிட்டது. பாடல் இவர், இசை இவர், குரல் இவர். பெயர் இருந்தது, உடைமை தயாரிப்பாளருக்குப் போனது. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தனியே ஒரு குறிப்பு எழுதினார். பாட்டை உயிர்ப்பிக்கும் பாடகருக்குச் சட்டம் எதுவும் தரவில்லை என்ற வருத்தம் அதில் இருக்கிறது. சட்டத் தீர்ப்பில் கலை பற்றி இவ்வளவு கனிவாகப் பேசிய பக்கங்கள் குறைவு.

ராக் இசைக்குழுவில் அந்தப் பிரிவினை இல்லை. ஒத்திகை அறையில் ஒருவர் கிதாரில் ஒரு வரிசையை வாசிக்கிறார். இன்னொருவர் அதன்மேல் முணுமுணுக்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் தாளத்தை மாற்றியதும் முணுமுணுப்பு வேறு மெட்டாகிறது. மறுநாள் சொல் வருகிறது. பாட்டு முடிந்தபின் படிவத்தை நிரப்ப வேண்டும்: சொல் யார், இசை யார், யாருக்கு எத்தனை விழுக்காடு. பாட்டு எப்படிப் பிறந்தது என்று தெரியாத படிவம் அது. அதை நிரப்பும் நேரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் பெயர் முதலில் வரும்.

பிரிட்டிஷ் குழுவான புரோகோல் ஹாரமின் 1967ஆம் ஆண்டுப் பாட்டு ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ உலகறிந்தது. கேட்டவர்கள் முதலில் நினைவுகூர்வது அதன் ஆர்கன் இசையை. ஆனால் உரிமைப் பதிவில் கேரி புரூக்கர், கீத் ரீட் என்ற இரண்டே பெயர்கள். ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005இல் வழக்குத் தொடர்ந்தார். 2009இல் பிரபுக்கள் சபை இசையில் அவருக்கு 40 விழுக்காடு பங்கு உண்டு என்பதை நிலைநாட்டியது. கடந்த காலத்துக்குப் பணமில்லை. வழக்குத் தொடர்ந்த நாளிலிருந்துதான். ‘வாசித்தவர்’ என்ற சொல்லுக்கும் ‘இயற்றியவர்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு மனிதரின் முப்பத்தெட்டு ஆண்டுகள் போயின.

குயீன் குழு இன்னொரு பாடம். 1975இல் வந்த ‘பொஹீமியன் ராப்சடி’ ஃப்ரெடி மெர்குரி எழுதியது. அதே தட்டின் மறுபக்கத்தில் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரின் பாட்டு. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் சம ராயல்டி. எந்தப் பாட்டைத் தனித்தட்டாக வெளியிடுவது, மறுபக்கத்தில் எதை வைப்பது என்ற வணிக முடிவே யார் வீட்டுக்கு எவ்வளவு பணம் என்பதைத் தீர்மானித்தது. பூசல் வளர்ந்தது. 1989இல் வந்த ‘தி மிராக்கிள்’ ஆல்பத்திலிருந்து எல்லாப் பாட்டுக்கும் நால்வர் பெயரும் சேர்த்தே போடுவது என்று முடிவெடுத்தார்கள். நல்ல தீர்வு என்று பலர் சொல்வார்கள். நால்வரும் ஏறத்தாழ ஒரே அளவு புகழும் வலுவும் உள்ள குழுவுக்குத்தான் இந்தத் தீர்வு பொருந்தும்.

நம் பக்கத்தில் கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் குழு, ‘காந்தாரா’ படத்தின் ‘வராஹ ரூபம்’ தங்கள் ‘நவரசம்’ பாட்டின் நகல் என்று 2022இல் வழக்குத் தொடர்ந்தது. பாட்டின் உரிமையை வைத்திருந்த மாத்ருபூமி தனியாக இன்னொரு வழக்குத் தொடர்ந்தது. ஒரே பாட்டுக்காக, இயற்றியவர்களும் உடையவரும் வேறு வேறு கதவுகளைத் தட்டினார்கள்.

6. ‘எஞ்சாய் எஞ்சாமி’

தமிழில் இந்தக் கேள்வி முழு வடிவில் எழுந்தது 2021 மார்ச் 7 அன்று வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டில். ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு புலம்பெயர் தமிழர்கள் தொடங்கிய ‘மாஜா’ நிறுவனத்தின் வெளியீடு. திரைப்படம் இல்லை, படத் தயாரிப்பாளர் இல்லை. தனிக் கலைஞர்களின் உரிமைக்கென்றே எழுந்ததாகச் சொல்லிக்கொண்ட தளம். பாட்டின் கரு, நிலமற்ற உழைப்பாளர்களின் வரலாறு. ராப் பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அதன் வேர். நடையில் ஒப்பாரியின் சாயல்.

வெளியீட்டுத் தலைப்பு இப்படி அமைந்தது: முதலில் பாடகி தீயின் பெயர், ‘ஃபீச்சரிங்’ என்ற சொல்லுக்குப் பின் அறிவின் பெயர், இசைத் தயாரிப்பு இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். ஒரு தலைப்பு வரிதானே என்று கடந்துவிட முடியாது. ‘ஃபீச்சரிங்’ என்பது இசைச் சந்தையின் அலமாரிச் சொல். விருந்தாளியாக வந்து போனவர் என்று பொருள்படும். தன் பாட்டியின் கதையை எழுதிப் பாடியவர் தன் பாட்டிலேயே விருந்தாளி ஆனார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் படித்தார்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் தரப்பட்டது. சில நாட்களில் அறிவு எழுதினார்: இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே, மெட்டோ சொல்லோ தமக்கு யாரும் தரவில்லை என்று. சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் எழுதினார்கள்: பாட்டு கூட்டாக உருவானது, வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று.

இந்த இரண்டு கூற்றுகளையும் எதிர்க்கூற்றுகளாகப் படித்தவர்களே அதிகம். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒருவர் பெயரைப் பற்றிப் பேசினார். மற்றவர் உடைமையைப் பற்றிப் பதில் சொன்னார். தாளில் மூன்றில் ஒரு பங்கு இருந்துகொண்டே மேடையிலிருந்தும் அட்டையிலிருந்தும் ஒருவர் மறைந்துபோக முடியும். பாரதிக்கு நடந்ததைத் தலைகீழாகப் பிடித்தால் இதுதான். அங்கே உடைமை போய்ப் பெயர் நின்றது. இங்கே உடைமை நின்று பெயர் தேய்ந்தது. தேய்ந்த பெயர் தலித் கலைஞர் ஒருவருடையது என்பது தற்செயல் என்று ஒதுக்கக் கூடியதல்ல. படைப்பவரின் பெயரைச் சாதி எப்படிக் கீழே தள்ளியிருக்கிறது என்பதற்குப் பறையும் நாதசுரமும் போதும்.

உடைமை நின்றது என்றேன். அதுவும் முழுதாக நிற்கவில்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டுக்காகத் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை என்று நிறுவனத்தின் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். இது ஒரு தரப்பின் கூற்று, நீதிமன்றத் தீர்ப்பல்ல. ஆனாலும் பெயருக்காகச் சண்டையிட்ட மூவரும் பணக் கணக்கில் ஒரே பக்கம் நிற்க நேர்ந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

அறிவு முன்பு அங்கம் வகித்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவோடு இதை ஒப்பிடத் தோன்றுகிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய அந்தக் குழு, பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து அமைத்தது. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர். கானாக் கலைஞரும் ராப் பாடகரும் ராக் கிதார் கலைஞரும் ஒரே மேடையில், குழுவின் பெயரில். அங்கே யாரும் யாருக்கும் ‘ஃபீச்சரிங்’ இல்லை.

7. சட்டம் எதைக் கேட்கிறது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளிக்குச் சில நல்ல ஆயுதங்களைத் தருகிறது. மெட்டு அமைத்தவர் அதை ஸ்வரமாக எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. வாயால் கட்டினாலும் அவர் இசையமைப்பாளர்தான். எழுத்தறியாத ஒப்பாரிக்காரிக்கும் தெருப்பாடகருக்கும் இது பெரிய கதவு. 57ஆம் பிரிவின்படி, உரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை படைப்பாளியிடமே இருக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், ஒலிப்பதிவில் சேர்ந்த சொல்லுக்கும் இசைக்குமான ராயல்டியில் சம பங்கை ஆசிரியர் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தது; வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைத் தர முடியும்.

ஆனால் அதே சட்டத்தின் 52ஏ பிரிவைப் படித்தபோது நான் திகைத்துப் போனேன். ஓர் ஒலிப்பதிவின் மீதும் அதன் உறையின் மீதும் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை என்று அது பட்டியலிடுகிறது. ஒலிப்பதிவைச் செய்தவரின் பெயரும் முகவரியும். பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும். முதல் வெளியீட்டு ஆண்டு. அவ்வளவுதான். பாட்டு எழுதியவர் பெயர் இல்லை. மெட்டு அமைத்தவர் பெயர் இல்லை. பாடியவர் பெயரும் இல்லை.

பெயரும் முகவரியும். ஆண்டாள் தன் பாட்டின் இறுதியில் வைத்தது அதுதான். அவள் படைத்தவளின் முகவரியை வைத்தாள். நம் சட்டம் விற்பவரின் முகவரியைக் கேட்கிறது. நிறுவனத்தின் செல்வாக்கு ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளிலும் கணக்குப் புத்தகத்திலும் மட்டும் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால், யார் பெயரை எங்கே எந்தச் சொல்லோடு எழுதுவது என்ற உரிமையைச் சட்டமே நிறுவனத்திடம் விட்டுவைத்திருக்கிறது. 57ஆம் பிரிவு தரும் உரிமையைக் கலைஞர் தாமே நீதிமன்றம் போய் நிலைநாட்ட வேண்டும். சீட்டில் பெயர் எழுதச் சொல்லும் கட்டளை இருந்தால் அவர் வீட்டிலேயே இருக்கலாம்.

ஓர் எதிர்வாதம் உண்டு. இன்றைய பாட்டில் பத்துப் பேர் உழைக்கிறார்கள். எல்லோர் பெயரையும் எப்படிப் போடுவது? 78 சுற்றுத் தட்டின் சீட்டுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. திரையில் விரல் வைத்தால் விரியும் இன்றைய பக்கத்துக்கு அது பொருந்தாது. இன்னொரு வாதம் கடினமானது: நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் என்று ஒருவரைக் குறிப்பதே பொய்யாகாதா? ஆகும். அதனால்தான் வானமாமலை ஆசிரியர் என்று எழுதவில்லை. உதவியவர், சேகரித்தவர், இடம் என்று எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது.

எனவே என் கோரிக்கை இரண்டு. 52ஏ பிரிவில் சொல்லாசிரியர், மெட்டாசிரியர், பாடியவர் பெயர்களும், மரபுப் பாட்டானால் அது யாரிடம் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பும் கட்டாயமாகச் சேர்க்கப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இதை எழுப்ப வேண்டும். மற்றது இசைக்குழு நடத்தும் இளைஞர்களுக்கு. ஒத்திகை முடிந்த அன்று இரவே, ஸ்டூடியோவுக்கும் நிறுவனத்துக்கும் போகும் முன், சொல் யாருடையது, மெட்டு யாருடையது, எந்தத் துண்டு யார் வீட்டுக் கிழவி பாடியது என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

இராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் ஒப்பாரி பாடத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்யப் போகிறவர்கள் முதலில் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.